பதினோரு நாள் கடல்

ஏப்ரல் ஒன்பதாம் தேதிக்கு வந்ததும் தேவயானியின் விரல்கள் கீபோர்டில் நின்றுவிட்டன. காக்கிநாடா கடலில் தினமும் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் மொண்டு அதன் புளிப்பைச் சோதித்த அளவுகள் அவை. எழுதியவன் அவள் புருஷன் சிட்டிபாபு. இரண்டாயிரத்து ஏழில் ஆளுக்கொரு திசையில் பிழைப்பு. அவன் கடலோரத்தில் தாளில் எழுத, ஐந்து மாதம் கழித்து அதே தாள் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்காகத் திருப்பதி மாடி ஆபீசில் இவள் மேஜைக்கே வந்தது. ஆனால் ஒன்பதாம் தேதி காலை ஆறு மணிக்கு அவன் புத்தூர் ஆஸ்பத்திரியில், அப்போதுதான் பிறந்த மகளை எப்படித் தூக்குவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தான்.

தீட்டு கழிந்து, பத்தொன்பதாம் தேதி சாயந்திரம்தான் ரயில் ஏறினான். தாளிலோ பதினோரு நாளுக்கும் அளவு இருந்தது. 8.07, 8.08, மறுபடி 8.07. பெரிய ஆள்தான், வீட்டில் இருந்தபடியே கடலை அளந்திருக்கிறான்.

வேலைக்குச் சேர்ந்த அன்று பிரேமலதா மேடம் சொல்லியிருந்தாள்: "பொகையெல்லாம் கரைஞ்சி கடலு புளிச்சிக்கினு வருதும்மா. பத்து வருசம் ஆனாலும் சராசரியில புள்ளிக்கப்புறம் ரெண்டாவது நம்பர்தான் மாறும். பொய் நம்பர் கலந்தா ஒண்ணும் தெரியாமப் பூடும்."

தேவயானிக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. அந்தப் பதினோரு நாளும் குழந்தைத் துணி துவைத்துப் போட்டவன் அவன். சொன்னால் அவன் வேலை போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. மதியம் மாடிப்படியில் உட்கார்ந்து போன் போட்டாள்.

"இன்னாங்க, நம்ம பாப்பா பொறந்த நாளு கடலுக்கு யாரு போனது?"

அவன் மெதுவாகச் சொன்னான்: "லீவு குடுக்கமாட்டன்னாங்க, சொல்லாம வந்துட்டேன். முன்ன எடுத்ததப் பாத்து நானே போட்டுட்டேன். அப்டியே அடிச்சிடு. கடலு எங்க ஓடிடப் போவுது?"

"அடிச்சிடலாம். அப்பறம் அதத்தான நெசம்னு எல்லாரும் நம்புவாங்க?"

அவளுக்கு அவன்மேல் பாவமாக இருந்தது.

"சார்கிட்ட நானே சொல்லிட்றேன்" என்றான். "வேல போனா ஊருக்கு வந்துட்றேன். பாப்பா இன்னா பண்ணுது?"

"கவுந்துக்குது. நேத்துதான் மொதல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கட்டத்தக் காலியா வுட்டா காரணம் எழுதணும். இன்னா எழுதட்டும்?"

"இருந்தத எழுது."

மேஜைக்குத் திரும்பி வந்து பதினோரு கட்டங்களையும் காலியாக விட்டாள். பக்கத்தில், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்: அளவு எடுக்கவில்லை. எடுப்பவர் ஊரில் இருந்தார். மகள் பிறந்தாள்.