ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் விட்ட வயர்

"ராசா, சாப்பிட்டியா?"

சமையலறையிலிருந்து குரல் வந்ததும், அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த வயர்மேனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கல்யாணமான புதிதில் மனைவி அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். மகள் பிறந்த பிறகு அது எப்படியோ வழக்கொழிந்து, "ஏங்க" மட்டும் மிஞ்சியது.

"இன்னும் இல்லம்மா" என்று கூடத்திலிருந்தே பதில் சொன்னார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். இடுப்பில் ஒரு வெள்ளை முயல்.

"உங்களைக் கேக்கலைங்க. இவனைக் கேட்டேன்."

முயல் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு வாடிக்கையாக வரும் ஒருவர் ஊர் மாறிப் போகும்போது, வளர்க்க ஆளில்லை என்று கொடுத்துவிட்டுப் போனது. மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடந்தது உண்மைதான். பேச்சுத்துணைக்கு ஒன்று இருக்கட்டும் என்று அவரும் தலையாட்டினார். ஆனால் பேச்சு முழுவதையும் அதுவே வாங்கிக்கொள்ளும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

கடையில் யார் என்ன மருந்து கேட்டு என்ன வம்பு பண்ணினார்கள் என்பதெல்லாம் முன்பு ராத்திரி சாப்பாட்டின்போது அவர் காதுக்கு வரும். அவரும் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" கொட்டுவார். இப்போது அந்தக் கதைகள் சாயங்காலமே முயலுக்குப் போய்விடுகின்றன. அவருக்கு மிச்சம்கூடக் கிடைப்பதில்லை. மகள் போனில் கூப்பிட்டாலும், "அப்பா, ராசா எப்படி இருக்கான்?" என்றுதான் எடுத்த எடுப்பில் கேட்கிறாள். அப்பாவின் முழங்கால் வலி மூன்றாவது கேள்வியாகக்கூட வருவதில்லை.

போதாக்குறைக்கு, முயலுக்குப் பல் நமநமத்தது. முதலில் போன் சார்ஜர். அடுத்து டேபிள் ஃபேன் வயர். நல்லவேளை, இரண்டும் அப்போது பிளக்கில் இல்லை.

"ஊரெல்லாம் வயரிங் பண்றீங்க. நம்ம வீட்டைக் கொஞ்சம் பாருங்களேன். இவனுக்கு ஒண்ணு ஆயிட்டா?"

'இவனுக்கு.' ஏணியிலிருந்து விழுந்து அவர் கை உடைந்தபோது இந்தக் குரல் இப்படி நடுங்கியதா என்று யோசித்துப் பார்த்தார். நடுங்கியது என்பது ஞாபகம் வந்தது. வந்தும் ஆறுதலாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த வேலைக்கு உட்கார்ந்தார். டி.வி. வயர்களைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டுச் சுவரோடு ஆணியடித்தார். கட்டிலுக்கு அடியில் முயல் நுழையாமல் பலகை வைத்தார். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்து இடுக்கையும் அடைத்தார். பூந்தொட்டி இலைகள் சிலது முயலுக்கு ஆகாது என்று எங்கோ படித்துவிட்டு வந்த மனைவி, தொட்டிகளை எல்லாம் மாடிப்படிக்கு ஏற்றினாள். வேலை நடக்கும்போது ஒரு டீ கொடுத்தாள். டம்ளரை நீட்டும்போதும் பார்வை முயல்மேல்தான்.

கடைசியாக ஃப்ரிட்ஜ் பாக்கி. கையில் குழாய் இருந்தது. கால் மணி நேர வேலை. ஃப்ரிட்ஜை நகர்த்தக் கையை வைத்தவர், அப்படியே எடுத்துவிட்டார்.

'இந்தச் சந்துக்குள்ள அது எங்கே போகப் போகுது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். போகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு தடவை சுருக்கென்று வாங்கினால் புத்தி வரும் என்று மனசின் ஓரத்தில் ஒன்று முனகியது. அதை அவர் அதட்டவில்லை.

"முடிஞ்சுதாங்க?"

"முடிஞ்சுது."

மறுநாள் மத்தியானம், புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு கடையில் ஏணி மேல் நின்று ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தார். கூட வேலை செய்பவர் கீழே ஏணியைப் பிடித்திருந்தார். போன் அடித்தது.

"ஏங்க, சாப்பிட வீட்டுக்கு வந்தேன், ராசா ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி போயிட்டான். கூப்பிட்டாலும் வரமாட்டேங்கிறான். கையை விட்டு இழுத்துப் பாக்கறேன்."

"கையை விடாதே. இரு" என்று அவர் சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது.

திரும்பக் கூப்பிட்டார். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. கண்ணுக்குள் அந்தச் சந்து வந்து நின்றது. அதற்குள் போவது முயலின் மூக்காக இல்லை, வளையல் போட்ட ஒரு கையாக இருந்தது.

"என்னண்ணே, முகம் வெளுத்துப்போச்சு?"

இறங்கி வண்டியை எடுத்தார். எந்தச் சிக்னலில் நின்றார், எதில் நிற்கவில்லை என்பது அவருக்கே தெரியாது. வாயில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போனார். கேட்டால், சாமியைக் கூப்பிட்டாரா மனைவியைக் கூப்பிட்டாரா என்று அவராலேயே சொல்லியிருக்க முடியாது.

கதவு திறந்திருந்தது. வீட்டில் கரண்ட் இல்லை. மனைவி சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் முயல். ஃப்ரிட்ஜுக்கு அடியில் அவள் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. வாசலில் இறங்கும்போது அவர் மறுபடி அழுத்திச் சட்டைப்பையில் போட்ட போன் இன்னும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

"உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"உங்ககிட்டப் பேசிட்டு வைக்கறப்பவே போன் நழுவி உள்ளே போயிடுச்சு. டார்ச் லைட் போட்டுப் பாத்தேன். வயர் தோலைக் கடிச்சு வச்சிருக்கான், செம்பு பளபளன்னு தெரிஞ்சுது. மெயினை அணைச்சிட்டுத்தான் கையை விட்டேன். போன் நழுவி உள்ளே போயிடுச்சு." நிதானமாகச் சொன்னாள். "ஏங்க, நேத்து இது விட்டுப்போச்சா?"

ஆமாம் என்றால் தீர்ந்தது. ஒரு வார்த்தை. அவர் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"விட்டுப்போகல. விட்டேன்."

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. முயலைத் தடவிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"எதுக்கு?"

அவருக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. பேரன் எடுக்கும் வயசில் ஒரு முயலுக்குப் பொறாமைப்பட்டேன் என்று எப்படிச் சொல்வது? "நான் வந்தா நீ நிமிர்ந்தே பாக்கறதில்ல. எல்லாத்தையும் அதுகிட்டச் சொல்லிடறே. எனக்குன்னு ஒண்ணும் வைக்கறதில்ல" என்றார். சொல்லும்போதே அழுகுணிப் பிள்ளை புகார் சொல்வதுபோல அவர் காதிலேயே விழுந்தது.

"நீங்க வந்ததும் டி.வி.யைப் பாக்கறீங்க. இது என்னைப் பாக்குது" என்றாள் மனைவி. "அதுவாவது பல் நமநமத்துக் கடிச்சுது. நீங்க எல்லாம் தெரிஞ்சவர். என் கை அதுல பட்டிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் எழுந்து ஃப்ரிட்ஜை நகர்த்தி, கடிபட்ட வயரை எடுத்துவிட்டுப் புதுசு போட்டுக் குழாய்க்குள் விட்டார். ஸ்குரூ இரண்டு தடவை கீழே விழுந்தது. பொறுக்கிக் கொடுக்க அவள் வரவில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் வீட்டில் அளந்துதான் பேசினாள். முயலிடமும் கதவைச் சாத்திக்கொண்டே பேசினாள். அவர் வெளியே நின்று ஒட்டுக்கேட்டார். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. முன்னாலாவது காதில் விழுந்துகொண்டிருந்தது, இப்போது அதுவும் போயிற்று என்று உள்ளுக்குள் புகைந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் வந்தபோது, அவள் கூடத்துத் தரையில் உட்கார்ந்து முயலுக்குக் கீரைத்தண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் ரிமோட்டைத் தேடவில்லை. நாற்காலியைத் தாண்டிப் போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"இன்னிக்குக் கடையில யாரு வந்தாங்க?" என்று கேட்டார்.

அவள் தண்டு முழுவதும் தீர்ந்த பிறகு, "இருமல் மருந்தைக் குடிச்சுப் பாத்துட்டு, இனிப்பு பத்தலைன்னு திருப்பிக் கொண்டுவந்தார் ஒருத்தர்" என்றாள்.

அவர் சிரித்தார். அவளுக்கும் உதட்டோரம் லேசாக அசைந்தது. சுவரில் முதுகைச் சாய்த்துக்கொள்ள அவருக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்தாள்.

இருவருக்கும் நடுவே நீட்டிப் படுத்திருந்த முயல் மட்டும் நகரவில்லை.