கை படாமல் ஓடும் இயந்திரம்

மனுஷனை நம்பி மோசம் போகலாம், இயந்திரத்தை நம்பினால் மோசமில்லை என்று பேசுகிறவர்கள் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை. ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும். ஒரு வேலை முடிந்தால் அப்படியே நின்றுவிடும். ஆபரேட்டர் எழுந்து போய், அடுத்த வேலைக்கான துளையிட்ட அட்டைக் கட்டை வைத்துப் பொத்தானை அமுக்கினால்தான் மறுபடி அசையும். அத்தனை விலை கொடுத்து வாங்கியதைப் பாதி நேரம் சும்மா நிறுத்திவைக்க யாருக்கு மனசு வரும்? அதனால் கம்பெனிகள் எல்லாம் ஆபரேட்டிங் சிஸ்டம் செய்யக் கிளம்பின. டாக்டர் அறை வாசலில் நின்று "அடுத்தவர் வாங்க" என்று கூப்பிடும் கம்பவுண்டரைப் போல, இயந்திரத்துக்குள்ளேயே உட்கார்ந்து வேலைகளை ஒவ்வொன்றாக உள்ளே விடுகிற புரோகிராம். சொல்வதற்கு எளிது. எழுதினவளைக் கேட்டால் தெரியும்.

எழுதினவள் களைத்துப் போயிருந்தாள். தூங்கி எழுந்தால் தீருகிற களைப்பில்லை அது. ஒரு பிழையைத் திருத்தினால் இரண்டு புதிதாக முளைத்தன, கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். கணவனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்து, மகளையும் கூட்டிக்கொண்டு போய் மாதங்கள் ஆகிவிட்டன. இவள் மட்டும் ஒரு வாடகை அறையில் கிடந்தாள். இன்றைய செயல்விளக்கம் முடிந்ததும் ரயிலேறி வந்துவிடுவதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

அதில்தான் சிக்கல். செயல்விளக்கத்தைப் பார்க்க வரப்போகிற காப்பீட்டுக் கம்பெனி மேலாளர் வாங்குவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டால், சிஸ்டத்தை முடித்துக் கொடுக்கும்வரை இவள் நகர முடியாது. போடாவிட்டால் தலைமை அலுவலகம் இந்த வேலையையே இழுத்து மூடிவிடும். அவமானம்தான், ஆனால் விடுதலை.

இதையெல்லாம் விற்றது கம்பெனியின் விற்பனை அதிகாரி. அவருக்கு அலுவலகத்தில் 'ஆயிடும்' என்று பெயர். வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் "ஆயிடும் சார்" என்பார். பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைத்துப் பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்டு வருகிற ஆள்.

"மூணாவது வேலையில நிக்குது சார். இன்னும் சரியாகல," என்றாள் அவள் காலையில்.

"நின்னா என்ன? உள்ள ஆபரேட்டர் இருக்காரே. லைட் எரிஞ்சதும் சத்தமில்லாம ஒரு அமுக்கு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் யாருக்குத் தெரியப்போகுது?"

"கை படாம ஓடும்னு சொல்லித்தானே விக்கிறீங்க?"

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்மா," என்று சிரித்துக்கொண்டே போனார். குடும்பம் நடத்தப் போகிறவள் இவளல்லவா!

நேரே ஆபரேட்டரிடம் போனாள். அவர் இந்த அறையிலேயே தலை நரைத்தவர்.

"அண்ணே, நின்னா நிக்கட்டும். நீங்க அமுக்காதீங்க. கேட்டா நான்தான் சொன்னேன்னு சொல்லிடுங்க."

அவர் அவள் முகத்தைச் சற்றுப் பார்த்தார். "ஊருக்குப் போகணும்ல உங்களுக்கு? சரிம்மா. தொடமாட்டேன்."

மேலாளர் வந்தார். அதிகம் பேசாத, வயதான மனிதர். ஆயிடும்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அட்டைகள் சரசரவென்று இறங்கின. முதல் வேலை முடிந்தது, பிரிண்டர் தடதடத்தது. இரண்டாவது தானாகவே உள்ளே போனது. பெற்ற பிள்ளை நடக்கிறதைப் பார்ப்பதுபோல அவளுக்கு ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. மூன்றாவதில் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது.

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. இரண்டு வருஷ உழைப்பு நாலு பேர் முன்னால் படுத்துவிட்டது, இவளுக்கு நிம்மதி வந்தது. இப்படியும் ஒரு பிழைப்பா என்று தன்மேலேயே கசந்துகொண்டாள்.

உடனே பிரிண்டர் மறுபடி தடதடத்தது.

உள்ளே ஆபரேட்டர் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்று தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிடும் கைதட்டினார். ஆபரேட்டர் வெளியே வந்து அவள் காதோரம் சொன்னார். "தெரிஞ்சு செய்யலம்மா. சிவப்பு லைட்டப் பார்த்தா கை தன்னால போயிடுது. இத்தனை வருஷமா அதானே வேலை."

அவரைக் கோபித்து என்ன செய்ய? அவள் நேராக மேலாளரிடமே போனாள்.

"சார், மூணாவது வேலையில நின்னுபோச்சு. பொத்தானை அமுக்கினதாலதான் ஓடுச்சு. இது இன்னும் தயாராகல."

ஆயிடும் முகத்தில் ஈயாடவில்லை. சொல்லியாயிற்று, இனி ரயில்தான் என்று அவள் நினைத்தாள்.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியும்மா. அவர் தோள் அசைஞ்சதைப் பார்த்தேன். இதுக்கு முன்னாடி மூணு கம்பெனிக்குப் போனேன். மூணு இடத்துலயும் ஒருத்தர் அமுக்கினார், யாரும் வாயைத் திறக்கல. கையெழுத்துப் போடாம எல்லார்கிட்டயும் கை குலுக்கிட்டு வந்துட்டேன். இங்கயும் அப்படித்தான் கிளம்பறதா இருந்தேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆயிடும் பக்கம் திரும்பினார். "கையெழுத்துப் போடறேன். ஆனா இந்தம்மா எங்க இடத்துல உட்கார்ந்து முடிச்சுக் கொடுக்கணும். வேற யாரையும் அனுப்பாதீங்க."

"ஆயிடும் சார்!" என்றார் ஆயிடும், போன உயிர் திரும்பி வந்தவராக.

வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்த மனிதர் கை குலுக்கிவிட்டுப் போயிருப்பார். அவளும் போயிருப்பாள். இது அவளுக்கு உறைத்தபோது அழுகைகூட வரவில்லை, கால்தான் வலித்தது. பக்கத்தில் கிடந்த அட்டைப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் கணவனுக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

"எவ்வளவு நாள் ஆகும்?"

"தெரியலைங்க. ஒரு வருஷம். அதுக்கு மேலயும் ஆகலாம்."

"பேசாம இருந்திருக்கலாமே," என்றான். குரலில் கோபமில்லை, அவனும் களைத்துத்தான் இருந்தான். "சரி விடு. நீ சொல்லாம இருக்கமாட்ட. எனக்குத் தெரியாதா? பாப்பாகிட்ட என்ன சொல்ல? காலையிலேர்ந்து அலமாரியில உனக்குன்னு ஒரு தட்டைக் காலி பண்ணி வச்சிருக்கா. அவ துணியெல்லாம் தரையில கிடக்கு."

"அவகிட்ட குடுங்க. நானே சொல்றேன்."

அவன் மகளைக் கூப்பிட்டான். அம்மா என்று கத்திக்கொண்டு அவள் ஓடிவருகிற சத்தம் போனில் கேட்டது.