பற்றாத நட்சத்திரத்தின் படம்

ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீட்டுப் பிரிவில், பிரிண்டர் அறையை ஒட்டிய மூலைதான் அவளுடைய இடம். படம் வேண்டும் என்பவர்கள் வருவார்கள், சொல்வார்கள், போவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் யாருமில்லை. எல்லோருக்கும் அவள் ஆர்ட்டிஸ்ட் மேடம். அம்மா போன பிறகு வீட்டிலும் கூப்பிட ஆளில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டதிலேயே கல்யாண வயசு கைநழுவிவிட்டது. வேறு ஊரில் இருந்த அண்ணன் முதலில் அடிக்கடி பேசினான், பிறகு விசேஷங்களுக்கு மட்டும். இப்போது குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் போடுவதோடு சரி.

அந்த வாரம் வந்த ஆராய்ச்சியாளர் கேட்டது ஒரு பழுப்புக் குள்ளனின் படம். நட்சத்திரமாக மாறப் பார்த்து, எடை போதாமல், உள்ளே பற்றிக்கொள்ளாமலே நின்றுபோன உருண்டை என்று விளக்கினார். சூரியனுக்கு அடுத்த தெரு என்று சொல்லுமளவு பக்கம். ஆனால் குளிரென்றால் அப்படியொரு குளிர், வீட்டு ஃப்ரிட்ஜோடு போட்டி போடும். அதனாலேயே இத்தனை காலம் யார் கண்ணிலும் படவில்லை. வெப்பத்தைப் பார்க்கும் தொலைநோக்கியில் மங்கலாக ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

அவள் பென்சிலைச் சீவிக்கொண்டே நிறம் என்னவென்று கேட்டாள்.

"பக்கத்துல போய் நின்னாலும் ஒண்ணும் தெரியாதுங்க மேடம். இருட்டாத்தான் இருக்கும்."

"அப்ப கறுப்புத் தாள்ல கறுப்பு பெயிண்ட் அடிச்சுத் தந்துடவா?"

அவர் சிரித்துவிட்டார். உண்மைக்கு அதுதான் ரொம்பக் கிட்ட, ஆனால் பிரிவு அதிகாரி தன்னைச் சும்மா விடமாட்டார் என்றார். அதைச் சுற்றிக் கோள்கள் உண்டா என்றும் கேட்டாள். இதுவரை எதுவும் அகப்படவில்லை, தனியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது என்றார்.

வழக்கமாக ஒரு படத்துக்கு அவள் இத்தனை நாள் எடுப்பதில்லை. முதலில் சிவப்பில் வரைந்தாள். அடுப்புக்கரி போல இருந்தது, கிழித்துப் போட்டாள். நீலம் கடலாகிவிட்டது. கடைசியில் தாள் முழுவதையும் இருட்டாக்கி, கத்திரிக்காய்த் தோலின் நிறத்தில் மேகப் பட்டைகளை இழைத்து, தூரத்து நட்சத்திரங்களின் வெளிச்சம் ஓரத்தில் லேசாகப் பட்டதுபோல விட்டாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு சற்று நின்றால்தான் உருண்டை பிடிபடும். கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன அன்று, ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

செய்தி வெளியானபோது அவள் தன் படத்தை அடையாளம் கண்டுகொள்ளவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பிரிவு அதிகாரி கம்ப்யூட்டரில் ஆரஞ்சு நிறத்தை ஏற்றி, உருண்டையைத் தணலாய் ஜொலிக்க விட்டிருந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. படத்தின் கீழே நிலையத்தின் பெயர் மட்டும் இருந்தது.

சாயந்திரம் அண்ணன் அதே படத்தைக் குழுவில் போட்டான். 'புது நட்சத்திரமாம், எவ்வளவு அழகா ஃபோட்டோ எடுத்திருக்காங்க பாருங்க.' அவள், 'அது நான் வரைஞ்சது' என்று எழுதினாள். அண்ணி கைதட்டும் படம் ஒன்று அனுப்பினாள். அதற்குள் யாரோ புது வீட்டுப் படங்களைக் கொட்ட, அவள் எழுதியது மேலே போய் மறைந்தது.

மனசு கேட்காமல் அண்ணனுக்கு ஃபோன் செய்தாள்.

"என்னம்மா, ஏதாவது அவசரமா?"

"இல்லண்ணா. அந்தப் படத்துல நிறம் தப்பு. அது எரியற மாதிரி இருக்காது."

"எதும்மா?"

"அந்த நட்சத்திரம்."

அவன் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பதாகவும் அப்புறம் பேசுவதாகவும் சொன்னான். குரலில் எரிச்சல் இல்லை, வாஞ்சைகூட இருந்தது.

மறுநாள் பிரிவில் ஓரமாகக் கிடந்த அசல் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஆராய்ச்சியாளரின் அறைக்குப் போனாள். அவர் அதை ஜன்னலோரம் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே நின்றார். மேசையில் அவருடைய டீ ஆறிப்போனது. பிறகு, இதைத் தானே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். சரி என்றாள்.

அவள் மூலைக்குத் திரும்பியபோது, சிறுநீரகத்தின் குறுக்குவெட்டுப் படம் கேட்டு ஒருவர் காத்திருந்தார். ஆர்ட்டிஸ்ட் மேடம் நீங்கதானே என்றார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, என்ன அளவில் வேண்டும் என்று விசாரித்தாள்.

அண்ணன் அந்த வாரம் கூப்பிடவில்லை.