துடைபட்டுப் போன சிவப்பு

ஜூன் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை முற்பகல், ஆம்புலன்ஸ்களுக்கு வழிகாட்டும் செயலியைத் தயாரிக்கும் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், சுவர்த்திரை பச்சைக்கு மாறியது. புதிய பதிப்பு தேறிவிட்டது என்று அதற்குப் பொருள். மதியம் ஷிப்ட் மாறும்போது அது தானாகவே எல்லா வண்டிகளுக்கும் போய்ச் சேரும்.

புதிய பதிப்பைத் தொகுத்துச் சோதிக்கும் ‘பில்ட்’ வேலையைக் கவனித்துக்கொள்ளும் பெண் மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பச்சைக்கு முன்னால், கண்ணிமைக்கும் நேரத்தில், சிவப்பாக ஒரு வரி ஓடி மறைந்திருந்தது. அதில் ‘பாலம்’ என்ற சொல் இருந்ததாக ஞாபகம். பழுதுபார்க்க மூடிக் கிடக்கும் ஆற்றுப் பாலமாக இருந்தால்?

சென்ற வாரம் பில்ட் ஓடும் கணினியில் கோப்புகள் நிரம்பி வழிந்ததால், பில்டின் கடைசியில் ஒரு படியைச் சேர்த்தவள் அவள்தான். தேறினாலும் தோற்றாலும் தற்காலிகக் கோப்புகளை அழித்துவிடும் படி. நிரலைத் திறந்து பார்த்தாள். முன்னால் எது தோற்றிருந்தாலும், அழிக்கும் வேலை ஒழுங்காக முடிந்தால் மொத்தமும் வெற்றி என்றே திரைக்குப் போகும்படி எழுதியிருந்தாள். ‘லாக்’ எனப்படும் சோதனைக் குறிப்புகளைத் தேடினாள். அவற்றையும் அந்தப் படி சுத்தமாகத் துடைத்திருந்தது.

மறுபடி ஓட்டிப் பார்த்தால் மதியம் தாண்டிவிடும். வெள்ளிக்கிழமைதான் அவள் வேலை நிரந்தரமாவது முடிவாக வேண்டும்; தவற்றை இப்போது ஒப்புக்கொண்டால் அது கெட்டுவிடலாம். வராந்தாவுக்குப் போய் ஆம்புலன்ஸ் ஓட்டும் தம்பியை அழைத்தாள்.

“டேய், மதியம் புது மேப் வந்தா ஏத்திக்காதே.”

“சமைச்சவளே சாப்பிடாதேன்னு சொல்றியேக்கா!”

“விளையாடாதடா. சந்தேகமா இருக்கு.”

வண்டிக் கதவை அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. “சரி, நான் ஏத்தல. மத்த வண்டிக்காரங்களுக்கெல்லாம் யாரு போன் பண்ணுவா?”

போனை வைத்துவிட்டு உள்ளே திரும்பினாள்.

எந்த மின்னஞ்சலுக்கும் ‘அவசரம்’ என்றே தலைப்புப் போடுவதால், குழுத் தலைவருக்கு முதுகுக்குப் பின்னால் அதுவே பெயர். அவர் மேசைமுன் போய் நின்றாள்.

“சார், மதிய ரிலீஸை நிறுத்துங்க.”

“ஏம்மா, அதான் பச்சையா இருக்கே!”

“அந்தப் பச்சையை நம்பாதீங்க சார். நான் சேர்த்த ஸ்டெப் தப்பை மறைச்சிடுச்சு.”

“லாக் எங்கே?”

“அதையும் அழிச்சிடுச்சு.”

“நல்லா இருக்கு! திருடன் வந்தான், வீட்டைப் பெருக்கித் துடைச்சிட்டுப் போயிட்டான்னு சொல்ற.” கடிகாரத்தைப் பார்த்தார். “ஒண்ணுமே இல்லைன்னு தெரிஞ்சா?”

“பழி என்மேலயே இருக்கட்டும் சார்.”

முணுமுணுத்துக்கொண்டே ரிலீஸை நிறுத்தினார். அவள் அழிக்கும் படியை எடுத்துவிட்டு, பில்டை மறுபடி ஓட்டினாள். இருவரும் சாப்பிடப் போகவில்லை. முள்மேல் நிற்பதுபோல் நின்றாள். நகத்தைக் கடித்ததில் விரல்நுனி எரிந்தது. கடைசியில் திரை சிவந்தது. புதிய பதிப்பு, மூடிய பாலத்தின் மேலேயே வழி போட்டிருந்தது.

திருத்திய பதிப்பு புதன்கிழமை வண்டிகளுக்குப் போனது. தவறான படியைச் சேர்த்ததற்காக அவளுடைய பணி நிரந்தரம் மூன்று மாதங்களுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.