குணத்தின் கிற்றாரும் நான் மாற்றிய தொடக்கங்களும்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு சீலிங் ஃபேனால் கிடைத்தது. 2009 ஓகஸ்ட் மாத வெக்கையில் எங்கள் வீட்டு ஃபேன் கருகி மணத்தது. கழற்றித் தூக்கிக்கொண்டு கல்முனையில், ஊரே காக்கா (அண்ணன்) என்று கூப்பிடும் றஸாக்கின் கடைக்குப் போனேன். ஃபேன், தண்ணீர்ப் பம்ப், கிரைண்டர் என்று எரிந்த மோட்டார் எதுவானாலும் பழைய செப்புக் கம்பியைப் பிடுங்கிவிட்டுப் புதிதாகச் சுற்றித் தருவது அவர் தொழில். நான் காத்திருந்த இரண்டு மணித்தியாலமும் மனிதர் என் ஃபேனைத் தொடவில்லை. சுவரில் தொங்கிய ஒரு சிவப்பு மின்கிற்றாரைக் காட்டி, அதில் தான் மாற்றிய சாமான்களைப் பற்றியே கதைத்தார். நடுவில் ஒரு வசனம் மட்டும் வேறு மாதிரி வந்தது.

"இதுக்குச் சொந்தக்காரத் தம்பிய இந்தக் கையாலதான் அடக்கம் பண்ணினன், சேர்."

பிறகு மறுபடியும் திருகாணிகளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். அந்த வசனத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஃபேனை மாற்றவில்லை.

2

எழுதி வெட்டிய தொடக்கங்கள்:

"கடல் வந்த அன்று எல்லாம் மூழ்கியது, ஒரு கிற்றார் மட்டும் மிதந்து—" (பொய். அது மிதக்கவில்லை. கடையில் விழுந்த சாமான் தட்டு ஒன்றின் கீழே சேற்றுக்குள் கிடந்தது.)

"இசைக்கு மதமில்லை என்பதை றஸாக் அன்று—" (மேடைப் பேச்சு. றஸாக்குக்கு இசை பிடிக்காது. அவர் மனைவி றாஹிலா, "பள்ளிவாசலுக்குப் போற மனிசன், இந்த வாத்தியத்த எதுக்குக் கட்டிக்கிட்டு அழுறீங்க?" என்று கேட்டபோது, "நான் கரண்ட்டத்தான் பாக்கிறன், பாட்ட இல்ல" என்று சொன்னவர் அவர்.)

"நாளைக்கு வாங்க, என்றார் றஸாக்."

இதுதான் சரி. திருத்த வேலைக்காரர் எல்லோரும் சொல்வதுதான். யாரும் அதை நம்புவதில்லை, யாரும் கோபிப்பதும் இல்லை. கதையும் இந்தச் சொல்லில்தான் தொடங்கியது.

3

2004 டிசம்பரில் றஸாக்கின் கடை கடற்கரைப் பக்கம் இருந்தது. பாண்டிருப்பைச் சேர்ந்த குணம் ஓர் இசைக்குழுவில் கிற்றார் வாசிப்பவன். கோயில் திருவிழா, கலியாணவீடு என்று மேடை ஏறுகிறவன். கிற்றாரைச் செருகினால் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் வருகிறது, பாருங்கள் காக்கா என்று கொண்டுவந்து கொடுத்தான். கம்பி சுற்றத் தெரிந்தவருக்கு இதுவும் தெரியும் என்பது அவன் கணக்கு. ஓரளவு சரியான கணக்குத்தான். தந்திகளுக்குக் கீழே இருக்கும் பிக்கப் என்பதே காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பிதான். தந்தி நடுங்கினால் அது பிடித்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும்.

றஸாக் புதன்கிழமை வரச் சொன்னார். புதன் வந்தபோது வெள்ளி என்றார். வெள்ளி வந்தபோது ஜும்மா தொழுகைக்குக் கடை பூட்டிக்கொண்டிருந்தார். "ஞாயிறு வெள்ளன வாங்க தம்பி, கட்டாயம் தாறன்."

ஞாயிறு காலை றாஹிலாவின் தங்கச்சி பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்கள் என்று குடும்பத்தோடு சம்மாந்துறைக்குப் போய்விட்டார். குணத்தின் ஞாபகமே இல்லை. அன்று காலைதான் கடல் ஊருக்குள் வந்தது. சம்மாந்துறை கடலுக்குத் தூரம். அதனால் அவர்கள் பிழைத்தார்கள்.

திங்கள் காலை கடை இருந்த இடத்துக்குப் போனார். தகரத்துக்குக் கீழே குணம் கிடந்தான். பூட்டிய கதவுக்கு முன்னால் காத்து நின்றிருக்கிறான்.

றஸாக் வளர்ந்த வளர்ப்பில் மையித்தை, இறந்தவரின் உடலை, காத்திருக்க வைப்பது பெரிய பிழை. எவ்வளவு சீக்கிரம் மண்ணில் வைக்கிறோமோ அவ்வளவு மரியாதை. பக்கத்துக் கடைக்காரர் இருவரைக் கூட்டிக்கொண்டு, வெள்ளைத் துணி தேடிச் சுற்றி, பின்பக்கத் தென்னந்தோட்டத்தில் குழி வெட்டி, பின்னேர அஸர் தொழுகைக்கு முன் அடக்கிவிட்டார். குணத்தின் ஆட்கள் வந்து பார்க்க வேண்டும், அவர்களுடைய முறைப்படி செய்ய வேண்டும் என்பது அன்று அவருக்கு உறைக்கவில்லை. எந்த வேலையையும் இழுத்தடிக்கிற மனிதர், வாழ்க்கையில் ஒன்றே ஒன்றைத்தான் அவசரமாகச் செய்தார்.

பாண்டிருப்புக்குப் போய் நாளைக்குச் சொல்லுவோம் என்று நினைத்துக்கொண்டார்.*

* கடையிலிருந்து பாண்டிருப்புக்கு இரண்டு கிலோமீற்றர். சைக்கிளில் பத்து நிமிடம்.

4

அந்த "நாளைக்கு" வரவே இல்லை. முதலில் அகதிமுகாம், பிறகு கூடாரம், பிறகு பிரதான வீதியில் புதுக் கடை. மூன்று மாதம் கழித்து இசைக்குழுவின் ட்ரம்காரர் ஒரு ஒலிபெருக்கியைத் திருத்தக் கொண்டுவந்தார். குணத்தின் மனைவி தங்கேஸ்வரி அக்கரைப்பற்று வீதி நெடுகத் தேடித் திரிகிறா என்று அவர் சொன்னார். கிற்றாருக்குப் பின்னால் அலைவது போதும் என்று அவள் கண்டித்திருந்ததால், அது அக்கரைப்பற்றில் கூட்டாளி வீட்டில் கிடப்பதாகக் குணம் அவளிடம் பொய் சொல்லியிருந்தான். அதை எடுக்கத்தான் போனான் என்று நம்பி, அவள் தெற்கே தேடினாள். அவனோ அவளுக்கு மிகக் கிட்டத்தில் கிடந்தான்.

றஸாக் ஒலிபெருக்கியின் மூடியைக் கழற்றத் தொடங்கினார். "அப்பிடியா?" என்று மட்டும் கேட்டார்.

சேற்றிலிருந்து எடுத்துப் போட்டு வைத்திருந்த கிற்றாரை அன்றைக்குத்தான் கையில் எடுத்தார். வெறும் பலகையாக எப்படிக் கொண்டுபோவது, நல்லதாக்கிக்கொண்டு போவோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிக்கப் இரண்டையும் உப்பு தின்றிருந்தது. தானே சுற்றப் பார்த்தார். ஃபேனுக்குச் சில நூறு சுற்று, இதற்கு ஏழாயிரத்துக்கு மேல். கம்பியோ தலைமயிரை விட மெல்லியது. அறுந்தது, சுற்றினார், அறுந்தது. ஒரு வருடம் போனது. கட்டாரிலிருந்த மச்சான் சீனிமுகம்மதுக்குச் சொல்லி அனுப்பினார். மச்சான் அடுத்த லீவில் கொண்டுவந்த பிக்கப் இரைச்சலே இல்லாத உயர்ந்த ரகம், ஆனால் குழியை விடப் பெரியது. உளியால் குழியை அகலமாக்கினார். பிறகு தந்திகள் உட்காரும் பிரிட்ஜ் வந்தது. திருகாணித் துளைகள் பொருந்தவில்லை. பிறகு தந்தி முறுக்கும் கீ ஆறு வந்தன. குணத்தின் கிற்றாரில் ஆறும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். வந்ததில் மூன்று மறுபக்கத்துக்கானவை.

"மூணு கீ புறத்தி எண்டதும் எனக்கு என்ன வந்திச்சு தெரியுமா சேர்?" என்று கேட்டார். "சந்தோசம். அல்லாவே, இன்னம் ஒரு வருசம் இருக்கு எண்டு."

சண்டைக் காலத்தில் நீளமான உறையைத் தோளில் போட்டுக்கொண்டு சோதனைச் சாவடியைக் கடப்பது எப்படி என்பதும் தள்ளிப்போட ஒரு சாட்டாக இருந்தது. 2009 மே மாதம் சண்டை முடிந்தது. சரியான கீ ஆறும் ஜூலையில் வந்து சேர்ந்தன. பழைய ரேடியோ ஒன்றில் செருகி, ஸ்க்ரூட்ரைவரால் பிக்கப்பைத் தட்டிப் பார்த்தார். "டொக்" என்று துப்புரவாகக் கேட்டது. இரைச்சல் இல்லை. மாற்றுவதற்கு இனி ஒன்றும் இல்லை.

நான் கடைக்குப் போன அன்று கிற்றார் இன்னும் சுவரில்தான் தொங்கியது.

5

(இங்கே றஸாக் நல்லவரா என்று ஒரு பந்தி எழுதியிருந்தேன். எழுதும்போதே வெட்கமாக இருந்தது. நானும் நாலு மாதமாக இந்தக் கதையின் முதல் வரியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். தங்கேஸ்வரி வீட்டு வாசல் படலைக்கு முன் போய் நிற்க எனக்கும் பயம். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருக்கிறது. அவளை நினைத்தால் அதைவிடப் பாவமாக இருக்கிறது.)

6

றஸாக் உண்மையில் தங்கேஸ்வரியிடம் போனாரா என்று எனக்குத் தெரியாது. கேட்க வாய் வரவில்லை. இனி வருவது என் கட்டுக்கதை.

முடிவு அ: குணத்துக்கு ஒரு மகள் இருப்பதாக வைத்து, அவள் கிற்றாரை வாங்கி மீட்டுகிறாள், எல்லோரும் அழுகிறார்கள். (அடித்துவிட்டேன். நல்ல பிக்கப் போட்டால் போனவன் வந்துவிடுவானா?)

முடிவு ஆ: படலையில் சாத்திவைத்துவிட்டு றஸாக் திரும்பிவிடுகிறார். (இதை எழுதியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதனால்தான் கிழித்தேன்.)

முடிவு இ:

காலை பத்து மணி. தங்கேஸ்வரி தையல் மெஷினில் இருந்து எழுந்து வந்தாள்.

"ஆரு?"

"நான் றஸாக், தங்கச்சி. கல்முனையில வைண்டிங் கடை. குணம் தம்பிட கிற்றார் என்னட்டத்தான் இருந்திச்சு."

அவள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல அவர்ர சாமான் ஒண்டும் இல்லையே காக்கா. எல்லாம் புதுசு."

"உப்பு திண்டுட்டு. பலகை மட்டுந்தான் அவர்ர."

"அக்கரைப்பற்றுல கிடக்கு எண்டுதான் எனக்குச் சொன்னவர்..." அவள் கை நின்றது. "அப்ப அண்டைக்கு அவர் அங்க போகல்லயா?"

(இந்த இடத்தில் றஸாக் பிக்கப்பைப் பற்றி அரைப் பக்கம் கதைப்பதாக எழுதியிருந்தேன். வெட்டிவிட்டேன்.)

"இல்ல தங்கச்சி. என்ட கடைக்கு வந்தவர். நான்தான் வரச் சொன்னன். சொல்லிட்டு நான் கடையில இருக்கல்ல." அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அடுத்த நாள் கண்டெடுத்தன். உங்களுக்குச் சொல்லி அனுப்பி இருக்கணும். அப்பிடியே போட்டு வைக்க மனம் கேக்கல்ல. அடக்கிட்டன். பொறகு வந்து சொல்லப் பயமாப் போச்சு."

தங்கேஸ்வரி கிற்றாரை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டாள்.

"என்ன சேட் போட்டிருந்தவர்?"

"நீலக் கோடு போட்டது. மேல் பொத்தான் இல்ல."

"ஓம்," என்றாள். "அவர்தான்."

எங்காவது உயிரோடு இருக்கலாம் என்று நாலரை வருடமாக அவள் வைத்திருந்த நம்பிக்கையை அந்த "ஓம்" எடுத்துக்கொண்டு போனது. அதை எழுதி எடுத்தவன் நான். இதற்கு என்னை நானே மன்னிக்கவில்லை.

"அந்த இடம் இன்னம் இருக்கா?"

"இருக்கு. சுத்திவரக் கல்லு வெச்சிருக்கன்."

"காட்டுங்க."

கிற்றாரை மெஷின் மேசையில் வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். ஓட்டோ ஒன்று மறித்தார்கள். றஸாக் சாரதிக்குப் பக்கத்தில் தொற்றிக்கொண்டார். பின்சீற்றில் தங்கேஸ்வரி தனியாக இருக்கிறாள். தென்னந்தோட்டத்தில் அவள் என்ன செய்வாள், மன்னிப்பாளா, நாலரை வருடத்தையும் சேர்த்துத் திட்டித் தீர்ப்பாளா என்று எனக்குத் தெரியவில்லை. திட்டினால் றஸாக் நின்று கேட்பார். அது மட்டும் நிச்சயம்.

நான் வரவில்லை. இவ்வளவு தூரம் அவர்களை இழுத்துக்கொண்டு வந்தவன் அந்த மண்ணில் நின்று குறிப்பெடுப்பது நல்லாயிருக்காது. ஆனால் அவள் தனியாகப் போகவும் கூடாது. பக்கத்தில் ஒருவர் இருக்க இடம் இருக்கிறது. நீங்கள் ஏறுங்கள்.