நாலு வெள்ளைக் கட்டங்கள்

எங்கள் சங்கத்துக்குச் சட்டங்கள் சில உண்டு. தோண்டிய குழியை மூடு, வேலிக் கதவைச் சாத்து, கிடைத்ததை நிலத்துக்காரரிடம் காட்டு. இவையெல்லாம் சொல்லிக் கொடுத்தால் வந்துவிடும். எந்த வயலில் தேடுகிறோம் என்று வெளியில் மூச்சு விடக் கூடாது என்பதுதான் கஷ்டமான சட்டம். பதினாறு வருடமாக அதைப் புது ஆட்களுக்கு ஓதி வந்தவள் நான், செயலாளர் மோரீன். அதைப் போட்டு உடைத்தவளும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்டல் டிடெக்டரும் மண்வெட்டியுமாக வயல் வயலாகத் திரிகிற பதினோரு பேர் நாங்கள். எல்லாருக்கும் முட்டி தேய்ந்துவிட்டது. இங்கிலாந்தின் இந்த நார்ஃபோக் பக்கத்தில் எங்களுக்கு வாசலைத் திறந்து விடும் விவசாயிகள் இரண்டே பேர். அதில் ஒருவர் தர்லோ. அவர் திறந்து விட்டதற்கு ஒரு காரணம் இருந்தது.

ஐம்பது வருடத்துக்கு முன், ஒரு நவம்பரில், அவர் மனைவி ஆட்ரி சர்க்கரை பீட் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தாள். குளிரில் விரல் சுருங்கிக் கல்யாண மோதிரம் மண்ணில் நழுவிவிட்டது. வரிசை முடிந்து கையுறையைக் கழற்றும்போதுதான் தெரிந்ததாம். எந்த வரிசை என்று இருவருக்கும் நினைவில்லை. தர்லோ வேறு மோதிரம் வாங்கித் தருகிறேன் என்றாராம். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். அவ்வளவு பிடிவாதம்.

வயலை இருபத்தைந்து கட்டமாகப் பிரித்து வரைபடம் போட்டவள் நான். எனக்குக் கோடு நேராக இருக்க வேண்டும். அறுவடை முடிந்து அடுத்த விதைப்புக்குள் கிடைக்கும் சில வாரங்களில்தான் தேட முடியும். தங்க மோதிரமும் பீர் டப்பாவின் வளையமும் கருவியில் ஒரே குரலில்தான் பேசும், அதனால் ஒவ்வொன்றையும் குனிந்து தோண்டித்தான் ஆக வேண்டும். ஒரு கட்டம் முடிந்தால் தர்லோ வரைபடத்தை வீட்டுக்கு எடுத்துப் போவார். ஆட்ரி படுக்கையில் இருந்தபடியே அந்தக் கட்டத்துக்குச் சிவப்புப் பென்சிலால் நிறம் தீட்டுவாள். மூன்று இலையுதிர் காலத்தில் இருபத்தொரு கட்டம் சிவந்தது.

மீதி நாலு. ஆட்ரி கிறிஸ்துமஸைத் தாண்டினாலே பெரிய விஷயம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விதைப்புக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

"ஆளு வேணும் மோரீன்," என்றான் எங்கள் தலைவன் டெரிக். "ஊருல நம்மளப் பத்தி என்ன நெனைக்கிறாங்க தெரியுமா? பொண்டாட்டி தொரத்திவிட்ட கெழடுங்க காதுல எதையோ மாட்டிக்கிட்டுப் புல்லோட பேசிக்கிட்டுத் திரியுதுன்னு."

"உன் விஷயத்துல அது உண்மைதானே?"

"சிரிக்காத. ஒரு விளம்பரம் போடுவோம். ஆட்ரி கதையச் சொல்லுவோம். கல்லும் கரையும். நாப்பது பேரு வந்தா ஒரே நாள்ல நாலு கட்டமும் முடிஞ்சிரும்."

எனக்கும் ஆசைதான். வெறும் ஆசை இல்லை, பெருமை. மூன்று நிமிடப் படம் எடுத்தோம். வயலின் பெயர், ஊரின் பெயர், தர்லோவின் பெயர், எதுவும் வரக் கூடாது என்று மூன்று முறை பார்த்து வெட்டினான் டெரிக். கடைசியில் என் வரைபடம் முழுத் திரையிலும் வந்து நின்றது. சிவப்பு இருபத்தொன்று, வெள்ளை நாலு. வடகிழக்கு மூலை எது என்று அம்புக்குறிகூடப் போட்டிருந்தேன். 'இங்கேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்' என்று அதன் கீழே எழுதியதும் என் கைதான். சேரும் இடமாகக் கிராம மன்றக் கட்டடத்தைத்தான் சொன்னோம், அதுவும் பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டும்.

ஊரைச் சொன்னாலும் பேரைச் சொல்லாதே என்பார்கள். நாங்கள் இரண்டையும் சொல்லவில்லை. ஆனால் படத்தில் எனக்குப் பின்னால் எங்கள் தேவாலயத்தின் வட்டக் கோபுரம் நின்றது. மேலே உடைந்த ஒரு பக்கத்தோடு. இரவில் அடுத்தவர் வயலைத் திருட்டுத்தனமாகத் தோண்டும் தொழில் தெரிந்தவன் ஒருவனுக்கு அது போதும்.

ஒரே வாரத்தில் இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். அறுபத்துமூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். டெரிக்குக்குக் கால் தரையில் பாவவில்லை.

சனிக்கிழமை காலை தர்லோ தொலைபேசியில் கூப்பிட்டார். "மோரீன், உங்க ஆளுங்க முன்னாடியே வந்துட்டாங்களா?"

எங்கள் ஆள் யாரும் போகவில்லை.

போய்ப் பார்த்தோம். இருபத்தொரு கட்டத்தில் ஒரு மண்கட்டிகூட நகரவில்லை. நாலு கட்டம் மட்டும் அம்மைத் தழும்பு விழுந்த முகமாகக் கிடந்தது. நூற்றுக்கணக்கான குழிகள், ஒன்றையும் மூடவில்லை. குழி ஓரங்களில் பீர் டப்பா வளையங்கள், பித்தளைப் பொத்தான்கள், ஈயக் குண்டுகள். வேண்டாததை வீசிவிட்டுப் போயிருந்தார்கள். வேண்டியது எது என்று அவர்களுக்கு நாங்கள்தான் படம் போட்டுச் சொல்லியிருந்தோம்.

டெரிக் ஒரு குழியின் அருகில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. "என்னை அடி மோரீன்," என்றான்.

"அடிச்சு என்ன ஆகப் போவுது? படம் யாரு வரைஞ்சா?"

போலீஸிலிருந்து ஓர் இளம் பெண் வந்தாள். நல்ல பெண். குறிப்பேட்டைத் திறந்தாள்.

"என்ன திருடு போச்சு?"

"மோதிரம்," என்றேன்.

"எங்க வெச்சிருந்தீங்க?"

"வைக்கல. அம்பது வருசமாக் காணோம்."

"அப்போ இந்த எடத்துல இருந்துச்சுன்னு யாராவது பாத்தீங்களா?"

"மத்த எல்லா எடத்துலயும் இல்லன்னு பாத்தோம்."

அவள் பேனாவை எடுக்கவில்லை. "மன்னிச்சிருங்கம்மா. காணாமப் போனது திரும்பக் காணாமப் போச்சுன்னு நான் எப்படி எழுதறது?" என்றாள். 'வயலுக்குச் சேதம்' என்று மட்டும் எழுதிக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் வந்த அறுபத்துமூன்று பேரையும் மன்றத்தில் தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். பாதிப் பேர் அழுதார்கள். அதைப் படம் பிடித்த ஒருவரின் கைபேசியைப் பிடுங்கி மேசையில் கவிழ்த்து வைத்தேன். பிறகு நாங்கள் பதினோரு பேரும் போய் நாலு கட்டத்தையும் அலசினோம். திங்கள், செவ்வாய், புதன். கருவியில் ஒரு முனகல்கூட இல்லை. அவர்கள் துடைத்து எடுத்திருந்தார்கள். மோதிரம் அதில் இருந்ததா, இல்லை கலப்பை என்றோ அதை வேலிக்கு அப்பால் இழுத்துப் போட்டுவிட்டதா? அதை இனி யாராலும் சொல்ல முடியாது. கிடைக்கவில்லை என்றால்கூட ஒரு முடிவு. இதற்கு முடிவே இல்லை.

புதன் மாலை தர்லோவின் சமையலறையில் நான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் கெட்டிலை அடுப்பில் வைத்தார்.

"அவகிட்ட இன்னும் சொல்லல," என்றார். "தெனமும் கேக்குறா. எத்தன பாக்கின்னு."

"நான் சொல்றேன் மிஸ்டர் தர்லோ. தப்பு என்னுது."

"வேணாம். ஒரு வேலை செய்யுங்க. நீங்க எழுதி வெச்ச அந்தப் பழைய படத்த அவகிட்டக் காட்ட மனசு வரல, மழையில நனைஞ்சு போச்சுன்னு சொல்லிருக்கேன். புதுசா ஒண்ணு வரைஞ்சு குடுங்க. உங்க கோடுதான் நேரா இருக்கும்."

அந்தச் சமையலறை மேசையிலேயே உட்கார்ந்து வரைந்தேன். இருபத்தைந்து கட்டம். இருபத்தொன்றுக்கு நானே சிவப்பு அடித்தேன். வடகிழக்கு மூலையில் நாலை வெறுமையாக விட்டேன். ஒரு கோடு வளைந்துவிட்டது. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

முன்னறையில் ஆட்ரி தலையணையில் சாய்ந்திருந்தாள். படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் விரலால் தொட்டு எண்ணினாள். அந்த மோதிர விரல்தான்.

"இன்னும் நாலுதானா?"

"நாலுதான் ஆட்ரி," என்றார் தர்லோ.

அவள் என்னைப் பார்த்தாள். "மோரீன், நீ இருக்குறப்ப எனக்குக் கவலையே இல்ல. இவரு வரைஞ்சிருந்தா வயலே கோணலாப் போயிருக்கும்." சிரித்து முடித்து மூச்சு வாங்கினாள். "அடுத்த ஞாயித்துக்கெழமை எந்தக் கட்டம்?"

நான் ஒரு வெள்ளைக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினேன். அவள் சிவப்புப் பென்சிலை எடுத்து அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைத்துக்கொண்டாள், மறந்துவிடக் கூடாது என்று.