ஞாயிற்றுக்கிழமை முறை

1934ஆம் வருஷம் தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, அன்னூருக்குத் தெற்கே பங்குக் கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த வேங்கடசாமியின் இடது காலைப் பர்மாவில் முழங்காலுக்குக் கீழே அறுத்தார்கள். கால் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு கீறல் கிடையாது. வலி மட்டும் வந்தது. அவர் வாய்க்காலில் விழுந்து, “அமேலே, அமேலே” என்று கத்தினார். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகிறவர் அவர். இது இரண்டுமில்லை என்பது பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கே தெரிந்தது. முக்கால் மணி நேரம் கழித்து எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, பாக்கியிருந்த பாத்திகளுக்கும் தண்ணீர் கட்டினார். தன் முறைத் தண்ணீரை அந்தப் பக்கம் யாரும் வீணாக்குவதில்லை.

அந்தக் கிணற்றுக்கு ஏழு பங்காளிகள், ஆளுக்கு ஒரு கிழமை. செவ்வாய் வேங்கடசாமிக்கு, வெள்ளி மயில்சாமிக்கு. அந்த வெள்ளிக்கிழமையே மயில்சாமிக்கு முதுகில் ஒரு கட்டியைக் கீறினார்கள். அடுத்த வாரமும் அதே இரண்டு கிழமை, அதே பத்தரை மணி. வைத்தியர் வாயு என்று சொல்லிக் கஷாயம் கொடுத்தார். மற்ற ஐந்து பேரும் அவரை நம்பினார்கள். வலி தங்களுக்கு வராததால் நம்புவது சுலபமாக இருந்தது.

பதினெட்டாம் நாள் ஆறுச்சாமிக்குக் கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை முறைக்காரர் அவர். எழுதியவள் அவருடைய தங்கை தெய்வாத்தாள். இருபது வயதில் காலராவுக்குப் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, கோயமுத்தூரில் நர்ஸ் வேலை படித்தவள். அவளிருந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் லட்சுமணசாமி, பர்மாவில் ஆற்றோர ஊர்களுக்குப் படகில் போய் ஆபரேஷன் செய்யப்போகிறேன், சம்பளம் கிடையாது, யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது எழுந்து நின்றது அவள் ஒருத்திதான். ஆறுச்சாமிக்கு நாலு நாள் சோறு இறங்கவில்லை. முன்பின் தெரியாதவர்களின் சீழைத் துடைக்கவா கடல் தாண்டுவது என்று கேட்டார். அவள் குலதெய்வக் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் மட்டும் கேட்டாள். ஊரை விட்டுப் போகிறவர்கள் பிடிமண் கொண்டுபோவது வழக்கம்தான். ஆனால் கடல் தாண்டும் பெண்ணுக்கென்று பூசாரியிடம் போய் நிற்க அவருக்குக் கூச்சம். தன் முறையன்று கிணற்று மேட்டிலேயே ஒரு பிடி அள்ளி மஞ்சள் துணியில் முடிந்தார். பருத்தி விற்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு கோயமுத்தூர் ஸ்டேஷனுக்குப் போய், கோயில் மண் என்று அவளிடம் கொடுத்துவிட்டார். அவரோடு ஒரு பொதி பருத்திகூட இல்லை என்பதை அவள் கவனித்திருப்பாள்.

கடிதத்தில் அவள் எழுதியிருந்தபடி, படகு மணல் திட்டில் மோதியதில் குளோரோபாரம் பெட்டி ஆற்றோடு போய்விட்டதாம். காலை எடுக்காவிட்டால் பிழைக்கமாட்டார் என்ற ஒருவர் பலகையில் கிடந்தாராம். “அவர் கையில நீங்க குடுத்த மண்ண வெச்சு, என்ற கையால இறுக்கிப் புடிச்சுட்டனுங்கண்ணா. டாக்டர் அறுத்து முடிக்கற மட்டும் என்னையப் பாத்துச் சிரிச்சுட்டே இருந்தாருங்க. நம்ம சாமி வலிய எடுத்துக்கிச்சு” என்று எழுதியிருந்தாள். செவ்வாய், வெள்ளி பதினொன்றரை மணிக்கு ஆபரேஷன் என்றும் இருந்தது. பர்மாவில் கடிகாரம் நமக்கு ஒரு மணி நேரம் முந்தி ஓடும், அமேலே என்றால் அங்கே ஐயோ அம்மா என்று பர்மா ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவர் சொன்னதும் எல்லாம் விளங்கிப்போயிற்று.

ஆறுச்சாமி மற்ற ஆறு பேரையும் கூட்டி வைத்து, கோயில் மண் என்று தான் சொன்னது பொய் என்பதை ஒப்புக்கொண்டார். சாமிக்குப் போகவேண்டிய வலி கிணற்றுக்கு வந்துவிட்டது. அதிலும் ஞாயிற்றுக்கிழமை படகுக்கு ஓய்வு. மண்ணைக் கொடுத்த அண்ணன்காரனுக்கு ஒன்றும் வரவில்லை. மயில்சாமி இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த மண்ணை ஆற்றில் கொட்டச் சொல்லி உடனே எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஆறுச்சாமிக்கு இனிமேல் முறை கிடையாது என்று முடிவாயிற்று. அவருடைய பருத்தி அப்போதுதான் காய் பிடித்திருந்தது. அவர் எழுதிவிட்டார். எழுதியதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் தபாலாபீஸ் பக்கம் போகாமல் இருந்தார். பிறகு மயில்சாமியிடம், தன் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமையைக் கொடுங்கள் என்று கேட்டார். மயில்சாமி யோசிக்கக்கூட இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஓர் அரிசி ஆலைக்காரரின் நசுங்கிய விரல்களை எடுத்தார்கள், ஒவ்வொன்றாக. ஆறுச்சாமி துண்டைக் கடித்துக்கொண்டு வரப்பில் புரண்டார். மூன்றாவது விரலில் இன்னொன்றும் தெரிந்தது. அவருடைய கையை யாரோ இறுக்கிப் பிடித்திருந்தார்கள். அவிநாசித் தேர்க் கூட்டத்தில் தொலைந்துவிடாமல் சின்ன வயதில் தங்கை அவரைப் பிடித்துக்கொண்டு நடந்த அதே பிடி. அவர் வாய்விட்டு அழுதார், வலியால் இல்லை. பிறகு விசாரித்தால் வேங்கடசாமிக்கும் மயில்சாமிக்கும்கூட அந்தக் கை வந்திருக்கிறது. அடுத்த வீட்டுப் பெண்ணின் கையைப் பற்றி எப்படிப் பேசுவது என்று இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

பையிலிருந்த கடிதத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு அவர் பங்காளிகளிடம் போனார். செவ்வாயையும் தானே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். வலி தண்ணீரோடு வருகிறது. ஆகவே செவ்வாய்க்கிழமைத் தண்ணீரையும் விட்டுக்கொடுக்க வேண்டும். வேங்கடசாமி கொஞ்ச நேரம் கிணற்றுக்குள் பார்த்துவிட்டு, தான் ஒன்றும் அவ்வளவு பூஞ்சை உடம்புக்காரனில்லை என்றார். மண்ணைக் கொட்டும் பேச்சு அதோடு முடிந்தது.

ஆறுச்சாமி தங்கைக்கு இரண்டே வரி எழுதினார்: அது கிணற்று மண், வலி முறைக்காரருக்கு வருகிறது, இருந்தாலும் விட்டுவிடாதே. கிழமை மாற்றிக்கொண்டதை எழுதவில்லை. பெருமைக்குச் சொன்னதுபோல ஆகிவிடும் என்று விட்டுவிட்டார். அதற்குப் பிறகு முடிந்தபோதெல்லாம் அவள் முன்கூட்டியே எழுதினாள்: வருகிற செவ்வாய் ஒரு குடலிறக்கம், வெள்ளி ஒரு கண். புதுக் குளோரோபாரம் வந்த பிறகும், நெஞ்சு பலமில்லாதவர்களுக்கு மண்தான். மூன்று மாதம் என்று போனவள் மூன்று வருஷமாகியும் திரும்பவில்லை. வேங்கடசாமி பத்து மணிக்கே மாட்டை அவிழ்த்துவிட்டு வேப்பமரத்தடியில் துண்டு விரித்துப் படுத்துக்கொள்வார். வெளியூர்க்காரர்கள் கேட்டால், ஊரார் பர்மா வேலை என்பார்கள்.

1937 ஆவணியில் வந்த கடிதத்தின் கையெழுத்து கோணலாக இருந்தது. தெய்வாத்தாளுக்கே குடல்வால் வீங்கி, செவ்வாய்க்கிழமை வரை தாங்காது என்று ஞாயிற்றுக்கிழமையே அறுத்துவிட்டார்கள். விஷக்காய்ச்சலில் நெஞ்சு பலம் குறைந்திருந்ததால் குளோரோபாரம் கொடுக்கவில்லை. “மண்ணப் புடிச்சுக்கம்மான்னு டாக்டர் சொன்னாருங்கண்ணா. ஞாயித்துக்கெழம எங்கண்ணன் முறைன்னு சொல்லி, மண்ணு முடிச்ச அவர்கிட்டயே குடுத்துட்டனுங்க. இப்பத் தேவலைங்க.”

ஆறுச்சாமி அதைக் கிணற்றடிக்கு எடுத்துப்போய் மயில்சாமிக்குப் படித்துக் காட்டினார். வலிக்குப் பயந்து ஞாயிற்றுக்கிழமையை வாங்கிக்கொண்ட மயில்சாமி வெகுநேரம் மாட்டுக் கயிற்றை முடிந்து முடிந்து அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, அன்னைக்கு அம்மணி கையப் புடிக்க அங்க ஆருங்க இருந்தாங்க?” என்று கேட்டார்.

ஆறுச்சாமி கடிதத்தை மடித்தார். மயில்சாமி கயிற்றைக் கீழே போட்டார்.

“என்ற கைய எத்தன வெள்ளிக்கெழம புடிச்சிருக்குது. ஞாயித்துக்கெழம மயில்சாமி முறைன்னு எழுதிப்போடுங்க. கூச்சப்பட வேண்டாம்னு எழுதுங்க.”

ஆறுச்சாமி அப்படியே எழுதினார். வெள்ளி என் முறை, அதற்கும் கூச்சப்படாதே கண்ணு என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தார்.

1939இல் மயில்சாமி மில் வேலைக்குச் சிங்காநல்லூர் போனபோது தன் பங்கைத் திருமலைசாமிக்கு விற்றார். தண்ணீர் முறையும் வலி முறையும் உட்பட என்று பத்திரத்தில் எழுதினார்கள். திருமலைசாமி, என்ன கிழமை என்று மட்டும் கேட்டார். ஞாயிறு என்றார்கள். ஞாயிற்றுக்கிழமையில் இதுவரை ஒன்றும் வந்ததில்லை, இருந்தாலும் பத்தரைக்கு மாட்டை அவிழ்த்துவிட்டு, ஒரு மணி நேரம் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மயில்சாமி சொல்லிக்கொடுத்தார். சரிங்க என்று திருமலைசாமி கையெழுத்துப் போட்டார்.